திருகோணமலையில் ஒரு மாற்று அபிவிருத்தி ஒன்றுகூடல்: எங்கிருந்து தொடங்குவது?

மூதூர்ப் பக்கத்து இளைஞர் அமைப்பு ஒன்று இப்படிக் கேட்டிருக்கிறது: "அரசும் கம்பனிகளும் கொண்டுவரும் அபிவிருத்திக்கு மாற்று என்ன என்று மக்களே கூடிப் பேசும் ஒன்றுகூடல்கள் இந்தியாவிலும் வேறு நாடுகளிலும் நடப்பதாக அறிகிறோம். திருகோணமலையில் அப்படி ஒன்றை நடத்த முடியுமா? பத்தோடு பதினொன்றாக அதுவும் ஒரு செயலமர்வாகப் போய்விடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?"

முடியும். நடத்தத்தான் வேண்டும். ஆனால் எதைப் பேசுவதற்காகக் கூடுகிறோம் என்பதில் தெளிவில்லாமல் மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிடாதீர்கள். கிழக்கில் கமக்காரர் அமைப்புகளோடும் கூட்டுறவுச் சங்கங்களோடும் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் கேள்விப்பட்ட ஒன்றுகூடல்கள் எவை என்று பார்ப்போம். 2001இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் உலக சமூக மாமன்றம் தொடங்கியது. உலகின் பெருமுதலாளிகளும் அரசுத் தலைவர்களும் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஆண்டுதோறும் கூடுவதற்கு எதிர்முனையாக அமைந்தது அது; 2004இல் மும்பைக்கும் வந்தது. அளவில் மிகப் பெரியது, உணர்ச்சியிலும் பெரியது. ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு மீனவப் பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? நமக்குக் கூடுதலாகப் பொருந்துவது இந்தியாவின் ‘விகல்ப் சங்கம்’; மாற்றுவழிகளைத் தேடுபவர்களின் சங்கமம் என்று பொருள். 2014 ஒக்டோபரில், வறட்சிக்குப் பேர்போன அனந்தபூர் மாவட்டத்தின் திம்பக்துவில் முதலாவது சந்திப்பு நடந்தது. அடுத்த ஆண்டே மதுரையிலும் லடாக்கிலும் கூடினார்கள். பிறகு உணவு, எரிசக்தி, இளைஞர் என்று தனித்தனிப் பொருள்களிலும் சந்திப்புகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் அந்தந்த இடத்து அமைப்புத்தான் வரவேற்று நடத்தும். விவசாயி, நெசவாளர், பழங்குடிப் பெண், ஆய்வாளர் எல்லோரும் ஒரே பாயில் உட்காருவார்கள். நம் நாட்டிலும் 2025 செப்டெம்பரில், உணவு இறைமைக்கான, அதாவது தங்கள் உணவையும் விவசாயத்தையும் மக்களே தீர்மானிக்கும் உரிமைக்கான, நியெலெனி உலக மாமன்றத்தின் மூன்றாவது கூடல் கண்டியில் நடந்தது. முதலாவது 2007இல் மாலி நாட்டில் நடந்தது. ஆகவே இது நமக்கு எட்டாத தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டியதில்லை.

இந்த ஒன்றுகூடல்களில் அடிக்கடி பேசப்படும் ஊர்களில் ஒன்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெந்தா லேகா. கோண்டு பழங்குடி மக்களின் சிற்றூர். "தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசாங்கம், எங்கள் ஊரில் நாங்களே அரசாங்கம்" என்பது அவர்களுடைய முழக்கம். 2009இல் தங்கள் காட்டின் மீதான சமூக உரிமையைச் சட்டப்படி பெற்றார்கள். கவனிக்க வேண்டியது அவர்கள் முடிவெடுக்கும் முறையை. பெரும்பான்மை வாக்கு அங்கே கிடையாது. கிராம சபையில் எல்லோரும் உடன்படும்வரை பேச்சு நடக்கும். உடன்பாடு வராவிட்டால் அந்த விடயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். சபை கூடுவதற்கு முன்பே, சிறு படிப்பு வட்டங்களில் உட்கார்ந்து சட்டத்தையும் கணக்கையும் ஊரார் தாங்களே படித்திருப்பார்கள். தேவையானால் வெளியிலிருந்து விடயம் தெரிந்தவரை அழைப்பார்கள். அவர் தெரிந்ததைச் சொல்லலாம், முடிவு ஊருடையது.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். மாற்று அபிவிருத்தி என்றதும் நம்மவர்களுக்கு இயற்கை உரம், சிறுதானியம், பனையோலைப் பெட்டி, சூரிய மின்சாரம் என்று பொருள்கள்தான் கண்ணில் படுகின்றன. பொருள் எதுவாக இருந்தாலும், நிலத்தையும் தண்ணீரையும் கரையையும் பற்றிய முடிவை யார் எடுத்தார்கள் என்று கேட்காவிட்டால் அது பழைய அபிவிருத்தியின் புதுச் சட்டைதான். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2021இல் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, முழு நாட்டையும் இயற்கை விவசாயத்துக்கு மாறச் சொன்னார்கள். பேச்சில் அது நல்ல நோக்கம். ஆனால் எந்தக் கமக்காரரையும் கேட்கவில்லை, மாறுவதற்கு ஒரு போகம்கூட அவகாசம் தரவில்லை, போதிய சேதனப் பசளையும் இருக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது; அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் விழுந்தது. பல ஆண்டுகளாகத் தங்கள் விருப்பத்தில் இயற்கை விவசாயம் செய்துவந்தவர்கள்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூச்சப்படும் நிலை வந்தது. அந்த இழப்பை இன்னும் யாரும் கணக்கெடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

சூரிய மின்சாரமும் அப்படித்தான். நிலக்கரியோடு ஒப்பிட்டால் சூரிய ஒளி ஆயிரம் மடங்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் திருகோணமலையின் முத்துநகரில் நீண்ட காலமாக நெல் விதைத்த நிலம் துறைமுக அதிகாரசபைக்குரியது என்று சொல்லி, சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2025இல் அந்த விவசாயிகள் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பசுமைத் திட்டம்தான்; ஆனால் வயலை இழந்தவருக்கு அதில் எது பசுமை?

சம்பூரின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கூட்டத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்காக அதைத் தேதி வரிசையில் எழுதி வையுங்கள். 2006இல் யுத்தத்தால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய அரசு நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. சனங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் கூடாரத்தில் இருந்த காலத்தில் அவர்களுடைய காணி முதலீட்டு வலயமாகவும் கடற்படைத் தளமாகவும் மாறியது. வலயத்துக்கான வர்த்தமானி 2015இல் இரத்தானது. கடற்படை வைத்திருந்த காணி 2016இல் விடுபட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று அரசு தரப்பு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தபடியே அடிக்கல் நாட்டினார்கள். இத்தனை திருப்பங்களிலும் ஊரார் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "இந்தக் காணியில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது" என்று தீர்மானிக்க ஒரு தடவையாவது இடம் இருந்ததா? எதிர்க்க இடம் இருந்தது, எதிர்த்தார்கள். தீர்மானிக்க இடம் இருக்கவில்லை. உங்கள் ஒன்றுகூடல் அந்த மேசையாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அதற்கு மாதிரி எங்கே என்று கேட்பீர்கள். நம் குளத்தடியிலேயே இருக்கிறது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். பிரதேச செயலாளர் தலைமையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அவர் சொன்னதுமே பின்வரிசையில் சலசலப்புத் தொடங்கும். அந்த அடிக்கணக்கில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது: மூன்றரை மாத நெல்லா மூன்று மாத நெல்லா, எத்தனை ஏக்கர், மதகு என்றைக்குத் திறப்பது, வாய்க்கால் துப்புரவு என்றைக்கு, விதைப்பின் கடைசி நாள் எது, மாடுகளை என்றைக்குள் வயல்வெளியை விட்டு ஓட்ட வேண்டும், தவறினால் என்ன தண்டம். மதகுக்குப் பக்கத்து வயற்காரர் பேசாமல் இருப்பார். கடைவாய்க்கால்காரர்தான் எழும்பி நின்று, போன போகத்தில் தனக்குத் தண்ணீர் எட்டாமல் கதிர் கருகிய கதையைச் சொல்வார். வாக்குவாதம் முற்றும், தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை சமாளிப்பார், கடைசியில் ஒரு திகதி எழுதப்படும். அந்தத் திகதிக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள். தண்ணீர் போதாத ஆண்டில் குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் விதைத்து, அதையே எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் வரண்ட வலயத்தில் உண்டு. சிங்கள ஊர்களில் அதைப் பெத்ம என்பார்கள். தனக்கென உறுதிக் காணி இருக்கும் ஒருவர், அந்த ஒரு போகத்துக்கு அதை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார். இதைவிடப் பெரிய மாற்றை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

கடற்கரையிலும் இதே ஒழுங்கு இருந்தது. கரைவலைக்குப் பாடு, அதாவது வலை வளைப்பதற்கென்று ஒதுக்கிய கரைப்பகுதி, உண்டு. யார் முதலில் வளைப்பது, அடுத்தது யார் என்று முறை உண்டு. பிடிபட்டதில் வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. ஆனால் முறை இருந்தால் மட்டும் போதாது. 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ரம், பொதுவளங்களை ஊரார் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று உலகெங்கும் ஆராய்ந்தவர். தோல்விக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் தென்கரையின் மாவெல்ல. அங்கே சுழற்சி முறை ஒழுங்காகவே நடந்தது. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு எல்லை போட முடியவில்லை. புதிய வலைகளைத் தடுக்கச் சட்டம் இருந்தும், செல்வாக்குள்ளவர்கள் அதை நடைமுறைக்கு வரவிடவில்லை. வலை பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் கிடைத்த முறை குறைந்துபோனது. அண்மைக் காலத்தில் நம் கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிறு சுற்றும் பொறி) பூட்டி வலை இழுக்கத் தொடங்கினார்கள். கயிறு பிடித்த கைகளுக்கு வேலை போய்விட்டது. அதை வேண்டாமென்று சொல்வதா, ஆள் கிடைக்காத காலத்தில் வேறு வழி இல்லையென்று ஏற்பதா? வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கூலிக்கு இழுப்பவரும் ஒரே இடத்தில் இருந்து பேச வேண்டிய கேள்வி இது.

பழைய முறைகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பக் கூட்டத்தில் அதிகாரியின் குரல்தான் ஓங்கியிருக்கும். குத்தகைக்குச் செய்பவர் வாய் திறக்கத் தயங்குவார். பெண்கள் நாற்று நடுவார்கள், களை பிடுங்குவார்கள், கதிர் பொறுக்குவார்கள். கூட்டத்தில் அவர்களைக் காண்பது அரிது, காணி உறுதி கணவர் பெயரில் இருப்பதால். உங்கள் ஒன்றுகூடலில் முதல் அமர்வைப் பெண்களிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் எதைப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்: நுண்கடன். யுத்தத்துக்குப் பிறகு கிழமைக் கட்டணம் வசூலிக்க வாசலுக்கு வந்த மோட்டார் சைக்கிள்களைக் கண்டு எத்தனை பெண்கள் பின்கதவால் போய் ஒளிந்தார்கள் என்பதை எந்த அபிவிருத்தி அறிக்கையும் எழுதவில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசே 2018இல் அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று சிக்கியவர்களுக்கு, ஊர்ச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் எப்படிக் கைகொடுக்கலாம், அந்தச் சங்கம் ஏன் தூங்கிப்போனது, யார் கையில் போனது என்பவை அந்த அமர்வில் வெளிவர வேண்டும். கண் கலங்கும், குரல் உயரும். வரட்டும்.

அடுத்தது, யார் யார் வருவது. எந்த ஒரு சமூகமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் நம்முடையது. தமிழர் மட்டும் கூடிப் பேசி முடிவெடுத்தால் கிண்ணியா மீனவருக்கு அது செல்லாது. முஸ்லிம்கள் மட்டும் கூடினால் சேனையூருக்குச் செல்லாது. கொட்டியாரக் குடா ஒன்றுதான். அதில் அனல் மின் நிலையத்தின் சுடுநீர் விழுந்திருந்தால் மூதூர் வலையிலும் மீன் குறைந்திருக்கும், சம்பூர் வலையிலும் குறைந்திருக்கும். சேருவிலவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் சிங்கள விவசாயிகளை அழைக்கத் தயங்க வேண்டாம். மாவிலாற்று மதகு மூடப்பட்டதிலிருந்து யுத்தம் எப்படி மூண்டது என்பது 2006இல் நாம் பார்த்தது. தண்ணீரைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் இங்கே எந்த அபிவிருத்தியும் நிலைக்காது. முடியுமா என்றால், முடியும். 1980களின் தொடக்கத்தில் அம்பாறைப் பக்கத்துக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், சிறு வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவசாயிகள் குழு அமைத்தார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த நேரத்திலும் மேல்வாய்க்கால்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர், கடைக்கோடியில் தமிழர். வெருகலிலும் மூதூர் கிழக்கிலும் வாழும் பழங்குடி வேடர் குடும்பங்களையும் மறந்துவிடாதீர்கள். தேன் எடுக்கும் காடு ஒவ்வொரு எல்லைக்கல்லோடும் அவர்களுக்குச் சுருங்கிக்கொண்டே வருகிறது, அவர்களைக் கேட்பார் எவருமில்லை.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடத்த வேண்டாம். சிங்களத்தில் பேசியதைத் தமிழில் மூன்று வரியில் சுருக்கிச் சொல்பவர் போதாது. சொன்னதைச் சொன்னபடி, கோபத்தையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். கிடைக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். விதைப்பும் அறுவடையும் இல்லாத நாட்களாகப் பாருங்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை தொடக்கம் புரட்டாசி வரையான மாதங்கள் மீனவருக்கு உழைப்புக் காலம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் அப்போதுதான் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுவார்கள். அவர்களோடும் பேச வேண்டியிருக்கிறதே என்றால், அந்தப் பருவத்தில் ஒரு போயா (பௌர்ணமி) நாளைத் தெரிவுசெய்யுங்கள். நிலவு வெளிச்சத்தில் வலைக்கு மீன் குறைவு, அரசு ஊழியருக்கும் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் மண்டபம் கண்டிப்பாக வேண்டாம். செலவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரத்தில் மீனவர் வீடு கட்டக்கூடாது என்று தடைவலயம் விதித்தபோது சுற்றுலா ஹோட்டல்களுக்கு விலக்களித்தார்கள். அந்தக் கரையில் குளிர் அறைக்குள் இருந்து மீனவரின் கரை உரிமையைப் பேச எனக்கு மனம் வராது. பாடசாலை மண்டபம், பலநோக்குக் கட்டிடம், முடியாவிட்டால் மரநிழல் போதும். சமையலை ஊர் மாதர் சங்கத்திடம் கொடுத்து உரிய கூலியைக் கொடுங்கள். தொண்டு நிறுவனம் ஒன்று முழுச் செலவையும் ஏற்க முன்வந்தால், நன்றி சொல்லி ஒரு பகுதியை மட்டும் வாங்குங்கள். முழுவதையும் வாங்கினால் பதாகையும் அவர்களுடையது, நிகழ்ச்சி நிரலும் அவர்களுடையது, கடைசியில் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் நம்முடையது.

இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் நடந்து பார்க்க: ஒரு குளக்கட்டு, ஒரு கரைவலைப் பாடு, வேலி போட்ட ஒரு காணி. இரண்டாம் நாள் பேச. எல்லாப் பிரச்சினையையும் ஒரே கூட்டத்தில் இழுத்துப்போட வேண்டாம். காணி, கடன், கரை என்ற மூன்றில் ஒன்றை எடுத்து, அதில் ஒரேயொரு முடிவு எழுதப்பட்டால் போதும்: யார், எதை, எந்தத் திகதிக்குள் செய்வது. ஆரம்பக் கூட்டத்தில் எழுதுவது போலவே.

ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம். உங்கள் பிரதேசத்தில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு காணி, எந்த நிபந்தனையில், எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற ஆவணம் கையில் இல்லாமல் கூடினால் பாதி நேரம் ஊகத்திலேயே போய்விடும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும், தேவையானால் மின்சாரத்துக்குப் பொறுப்பான அரச நிறுவனத்திலும் துறைமுக அதிகாரசபையிலும் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்த திட்டமாக இருந்தால், அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். அந்த நாட்கள் நம்மவருக்குத் தெரியாமலேயே பெரும்பாலும் கழிந்துபோகின்றன. விண்ணப்பத்தைப் போட்டு, பதில் கையில் வந்த பிறகு கூட்டத்துக்குத் திகதி குறியுங்கள்.